மூன்றாவது கம்பம்

அக்டோபர் 9

வேலியில் விழுந்துவிட்ட பகுதியைப் பற்றிக் கவலை இல்லை, அது தரையில் கிடக்கிறது, இனி எங்கே போய் விழும்? மூலையிலிருந்து மூன்றாவது கம்பம்தான் நிம்மதியைக் கெடுக்கிறது. நிற்கிற மாதிரி நிற்கிறது. காற்று அடித்தால் அடியில் முனகுகிறது.

அக்டோபர் 10

ஸ்க்ரூடிரைவரை எடுத்துப்போய், சாயாத பக்கமாக நின்றுகொண்டு, கம்பத்தின் அடியில் குத்திப் பார்த்தேன். பாதி இரும்பு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் நுனியில் ஈரமான பழுப்புத் தூள். இடுப்பு உயரத்தில் தட்டினால் அதே கம்பம் டொக் டொக்கென்று கெட்டியாகப் பேசுகிறது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது தரைமட்டத்தில்தான் என்பதால் மரக்கம்பம் அங்கேதான் முதலில் இற்றுப்போகும். மேலே பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அக்டோபர் 11

மேஸ்திரி போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 12

பக்கத்து வீட்டுக் குட்டி பந்து எடுக்க வந்தாள். சாய்ந்த பலகைக்கு நேர் கீழே குனிந்திருந்தாள். கத்தினால் பயந்து நிமிர்ந்து தலையில் இடித்துக்கொள்வாளோ என்று கத்தவும் முடியவில்லை. மெதுவாக, "கண்ணு, பந்தை விட்டுட்டு இந்தப் பக்கம் வா" என்றேன், வந்துவிட்டாள். பந்தை நீளக் குச்சியால் தள்ளிக் கொடுத்தேன்.

அப்புறம் கயிறு கட்டினேன். வேலி எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம், அதற்கு மேலும் கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும். முழு நீளத்துக்குச் சாய்ந்தால் அதன் தலை அங்கே வரை வரும் இல்லையா. கயிற்றில் வெள்ளைத் துணிக் கிழிசல்களை முடிந்துவிட்டிருக்கிறேன், இல்லையென்றால் இருட்டில் கயிறே காலை வாரிவிடும். அவளுடைய அம்மாவிடமும் சொன்னேன். "நீங்க ரொம்பப் பயப்படுறீங்கக்கா" என்று சிரித்தாள். சரி, சிரிக்கட்டும்.

அக்டோபர் 13

காற்று. தூக்கம் இல்லை.

அக்டோபர் 14

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். இடைவெளியே இல்லாமல் பலகை அடித்த வேலி கப்பல் பாய் மாதிரி மொத்தக் காற்றையும் வாங்குகிறது, அத்தனையும் அந்த இற்றுப்போன அடியில் போய் இறங்குகிறது. ஒன்றுவிட்டு ஒன்று பலகையைக் கழற்றினால் காற்று ஊடே போய்விடும், பாரமும் குறையும். ஆனால் அந்த இடைவெளியில் நாய் வெளியே போய்விடுவாள். இதையே காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் காற்று ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, தம்பி முட்டுக் கொடுத்த பிறகு பலகையைக் கழற்றினோம். நாய்க்கு இனி கழுத்தில் பட்டை, பக்கத்தில் நான். அவளுக்குக் கோபம்.

முட்டு வைத்த விதம்: சாய்கிற பக்கத்திலிருந்து 45 பாகை அளவில் ஒரு கனமான சட்டம், தலை கம்பத்தின் மேல்பாதியில், கால் வழுக்காமல் இருக்க மண்ணில் ஆழமாக அடித்த முளை. நிமிர்த்தப் பார்க்கவில்லை. இற்ற கம்பத்தை நிமிர்த்தினால் அடியோடு முறியும். இன்னும் சாயாமல் பிடித்தால் போதும். அந்தச் சில நிமிடமும் இரண்டு பேரும் கம்பத்தின் ஓரங்களில்தான் நின்றோம், சாய்வுக்கு நேர் எதிரே யாரும் இல்லை.

அக்டோபர் 15

ஆணி. எங்கே பார்த்தாலும் ஆணி. கழற்றிய பலகைகளில் நுனி மேலே பார்த்துக்கொண்டு இருக்கிறது. எல்லாவற்றையும் சுத்தியலால் மடக்கி அடித்து, பலகைகளைக் கவிழ்த்து அடுக்கினோம். கனமான ஷூ, கையுறை இல்லாமல் நான் யாரையும் உள்ளே விடவில்லை. துருதான் ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) காரணம் என்று தம்பி உறுதியாகச் சொல்கிறான். துரு இல்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமி அது. ஆணி அதை ஆழமாக உள்ளே கொண்டுபோய் விடுகிறது. பளபளக்கிற புது ஆணியும் அதே வேலையைச் செய்யும். அழுக்குக் காயம் பட்டு, கடைசியாக ஊசி போட்டு 5 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் இன்னொன்று போட வேண்டும். என் ஊசி அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன், இன்னும் காலம் இருக்கிறது.

பழைய பலகையை எரித்துவிடலாம் என்று யோசனை சொன்னவருக்கு ஒரு வார்த்தை: பச்சைச் சாயல் உள்ள, இற்றுப்போகாமல் இருக்க மருந்து ஏற்றிய மரமாக இருந்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கலாம். வேண்டாம்.

அக்டோபர் 16

பின்பக்க முள்கம்பியை வெட்டப் போனான் தம்பி. "டேய், நிறுத்து." இழுவையில் இருக்கிற கம்பியை வெட்டினால் எந்த முனை எந்த முகத்தில் அடிக்கும் என்று யாருக்குத் தெரியும். முதலில் கம்பத்தில் முறுக்கைத் தளர்த்தி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓரமாக நின்று, அப்புறம்தான் கட்டர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தான், ஆனால் செய்தான்.

அக்டோபர் 17

வலைக்கம்பி வேலியின் மேல் ஒரு கருப்பு ஒயர் கிடக்கிறது. கேபிள் ஒயர்தான் என்கிறார்கள். யார் சொன்னாலும் சரி, மின்சார ஆள் வந்து பார்க்கிற வரை அதில் கரண்ட் இருப்பதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். கம்பி வேலி முழுக்கக் கடத்தும், தூரத்து முனையைத் தொட்டாலும் அடிக்கும். எல்லோரும் 10 மீட்டருக்கு அப்பால். நாயும்.

மாலை: வந்தார்கள். கேபிள் ஒயர்தான். தம்பி என்னைப் பார்த்த பார்வை.

அக்டோபர் 18

மூன்றாவது கம்பம் அப்படியே. மேஸ்திரி "நாளைக்கு" என்றார்.

அக்டோபர் 20

வந்தார்கள், பழைய கம்பத்தைப் பிடுங்கினார்கள் (கையோடு வந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை), புதுக் குழி தோண்டினார்கள், மழை வந்ததும் போய்விட்டார்கள். குழி முழங்காலுக்கு மேல் ஆழம். கனமான பலகை போட்டு மூடி, அதன்மேல் நான்கு கல் ஏற்றியாயிற்று. கயிற்றை அவிழ்க்கலாமா என்று குட்டியின் அம்மா கேட்டாள். கான்கிரீட் ஊற்றி அது இறுகுகிற வரை புதுக் கம்பத்துக்கும் முட்டு வேண்டுமாம், அதற்கு முன் பலகை அடிக்கக் கூடாதாம். ஆக இல்லை, இப்போதைக்கு இல்லை என்றேன்.