நீளவாக்கில் சாலை, குறுக்கே ஊர்

உளுந்தூர்பேட்டையிலிருந்து பாடாலூர் வரையிலான சாலை நான்கு வழியாக மாறிய காலத்தில் நான் அங்கே தளப் பொறியாளராக இருந்தேன். அப்போது அது தேசிய நெடுஞ்சாலை 45. 2010இல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது 38 ஆனது. அந்தப் பக்கத்து மக்களுக்கு அது என்றைக்கும் திருச்சி ரோடுதான்.

நெடுஞ்சாலை வேலையில் எல்லாக் கணக்கும் நீளவாக்கில்தான். எந்தக் கிலோமீட்டரில் தண்ணீர் போகும் சிறு பாலமான கல்வெர்ட், எந்தக் கிலோமீட்டரில் வளைவு, எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம் மிச்சம் என்றே வரைபடங்கள் பேசும். சாலையோரத்து ஊர் குறுக்கே வாழ்கிறது. வீடு இந்தப் பக்கம் இருந்தால் நிலம் அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் கிழக்கே, ரேஷன் கடை மேற்கே, சுடுகாடு ஏரிக்கரைக்கு அப்பால். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால்கூட சாலையைக் குறுக்கே வெட்டித்தான் போகும். வாய்க்காலுக்கு எப்படியும் ஒரு பெட்டிப் பாலம் வைத்துவிடுவோம், இல்லாவிட்டால் மழைக்குச் சாலையே போய்விடும். மனிதர்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

வேப்பூர்ப் பக்கத்தில் மண் கொட்டிக்கொண்டிருந்தபோது ஆடு ஓட்டிவந்த ஒரு பாட்டி கேட்டார்: “ரோடு போடுறீங்க சரி தம்பி, எங்க ஆடு எந்தப் பக்கமாப் போவும்?” வேப்பூர் ஆட்டுச்சந்தைக்குப் பெயர்போன ஊர். வாரந்தோறும் அங்கே விற்கப்படும் ஆடுகளில் எத்தனையோ, இந்தச் சாலையைக் கடந்து மேய்ந்தவை. அவர் கேட்டதற்கு என் கையிலிருந்த வரைபடத்தில் பதில் இல்லை.

போகும் வழியையும் வரும் வழியையும் நடுவில் பிரிக்கும் சென்டர் மீடியன் வந்ததும் அந்தக் கேள்வி எல்லோருக்குமானது. மீடியனில் அரளி வைப்போம். எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் அது தடுக்கும், ஆடு மாடும் கடிக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மீடியனில் திறப்பு விடுவதற்கு, இரண்டுக்கு நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. எதிரே தெரிகிற தன் வயலுக்குப் போக, ஒரு விவசாயி அவ்வளவு தூரம் போய்த் திரும்பிவர வேண்டும். ஒரு நாள் போவார், இரண்டு நாள் போவார். அப்புறம் எதிர்த்திசையில் வண்டியை விடுவார். “இவங்களுக்கு ரோடு சென்ஸ் இல்ல சார்” என்று காரில் போகிறவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அவர் பழைய பாதையில்தான் போகிறார், சாலைதான் நடுவில் வந்தது.

நெடுஞ்சாலையை ஒட்டிப் போகும் சர்வீஸ் ரோட்டில் மக்காச்சோளம் காயவைப்பதும் அப்படித்தான். பெரம்பலூர் பக்கம் அறுவடைக் காலத்தில் பாதிச் சாலை மஞ்சளாக இருக்கும். அது ஆபத்து, மறுக்கவில்லை. ஊராட்சிக்கு ஊராட்சி உலர்களம் கட்டித் தந்துவிட்டு அதன் பிறகு கண்டிக்கலாம்.

இந்தச் சாலை கொடுத்ததையும் சொல்ல வேண்டும். 2008இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. நான்கு வழிச் சாலையும் அதுவும் சேர்ந்தபோது, நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்த பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உரிய நேரத்தில் கொண்டுபோக முடிந்தது. திருச்சிக் கல்லூரிக்குத் தினமும் போய்வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது நான் செய்த வேலை வீண்போகவில்லை என்று தோன்றும். அதே பிள்ளைகளைப் பல பஸ்கள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகின்றன என்பதும் உண்மை. இருட்டில் அங்கிருந்து வீட்டுக்கு நடக்கும் பெண் பிள்ளைக்கு, மிச்சமான அரை மணி நேரத்தால் என்ன பயன்?

2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 61,038 பேர் இறந்தது தேசிய நெடுஞ்சாலைகளில். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் இவற்றின் பங்கு சுமார் இரண்டு சதவீதம்தான். ஓர் இடத்தை ‘பிளாக் ஸ்பாட்’ என்று அறிவிக்க விதி இருக்கிறது: சுமார் 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில், சாவோ பலத்த காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள். அந்தப் பட்டியலில் ஏறினால்தான் மேம்பாலத்துக்கோ சுரங்கப்பாதைக்கோ கோப்பு வேகமாக நகர்கிறது. ஊரார் முதலிலேயே கைநீட்டிக் காட்டிய இடம், பத்துப் பேர் செத்த பிறகு வரைபடத்தில் ஏறுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுரங்கப்பாதையை வரைபடத்தில் முதலிலேயே சேர்ப்பதில் பெரிய சிரமம் கிடையாது. லாரி போகிற அளவுக்குச் சுரங்கப்பாதை என்றால் உள்ளே 5.5 மீட்டர் உயரம் வேண்டும். அதற்கேற்ப மேலே போகும் சாலையை இரண்டு பக்கமும் வெகுதூரத்திலிருந்தே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். மண் கொட்டும் முன்பே முடிவு செய்தால் அது வேலையோடு வேலை. வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகு என்றால் டைவர்ஷன், கூடுதல் நிலம், புது டெண்டர் என்று வருடங்கள் போகும். செலவும் பல மடங்கு.

உங்கள் ஊர் வழியாகப் புதுச் சாலை வருகிறது, எல்லைக் கல் நடுகிறார்கள் என்றால் இழப்பீட்டுத் தொகையோடு நிறுத்திவிடாதீர்கள். வரைபடத்தைக் கேட்டு வாங்கி, பள்ளிக்கூடத்துப் பாதை, சுடுகாட்டுப் பாதை, மாட்டுவண்டிப் பாதை எல்லாம் எந்தக் கிலோமீட்டரில் குறுக்கிடுகின்றன என்று குறித்து, மனுவாக எழுதிக் கொடுங்கள். பாதையின் அகலத்தையும் எழுதுங்கள், டிராக்டர் டிரெய்லரோடு போக வேண்டும் என்பதையும் சேர்த்து.