ஜி கம்பி படுத்தும் பாடு

ஜூன் 4, புதன்

கிதாருக்கு ஆறு கம்பியும் மாற்றியாகிவிட்டது. பழையவை கறுத்துப்போய், வாசித்து முடித்தால் விரல் நுனியில் கறை ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு போட்டிருந்தது 11 செட், அதாவது மிக மெல்லிய கம்பி 0.011 அங்குலத் தடிமன். இந்த முறை ஒலி கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று 12.

புதுக் கம்பி முதல் நாள் நிற்காது. சுருதி சேர்ப்பது, கம்பியைப் பிடித்து மெல்லத் தூக்கி இழுத்துவிடுவது, இறங்கிப்போனதை மறுபடி சேர்ப்பது என்று நாலு சுற்று ஆனது. கம்பியை முறுக்கும் கீயின் தண்டில் சுற்றிய சுற்றுகள் இறுகி உட்கார்ந்தால்தான் கம்பி அடங்கும்.

ஜூன் 5, வியாழன்

ஐந்து கம்பிகள் நின்றுவிட்டன. மூன்றாவது கம்பியான ஜி மட்டும் சுருதியில் 15 சென்ட் இறங்கியிருந்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே 100 சென்ட் என்பது கணக்கு. அதில் 15 என்றால் எண்ணாகப் பார்க்கச் சின்னதுதான். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு பிடித்தால் பல் கூசுகிறது.

ஜூன் 7, சனி

கீயின் மேல்தான் சந்தேகம். திருகாணியை இறுக்கினேன். கம்பியைக் கழற்றி, ஒழுங்காக மூன்று சுற்று கீழ்நோக்கி வருகிற மாதிரி மறுபடி சுற்றினேன். சுருதியைக் கீழிருந்து ஏற்றித்தான் நிறுத்த வேண்டும் என்பதையும் இன்று ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். இறக்கிக்கொண்டுவந்து நிறுத்தினால் பல்சக்கரத்தில் ஒரு தளர்ச்சி தங்கிவிடும், வாசிக்கும்போது கம்பி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

ஒரு மணி நேரம் வாசித்தேன். ஜி மறுபடி கீழே.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் வயலின்காரர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "உனக்காவது பல்சக்கரம் இருக்குடா. எங்க பிருடை துளையில சிக்கி நிக்கிற வெறும் மரக்குச்சி. மழைக்காலத்துல திருகவே வராது, வெயில்ல தானா கழண்டுக்கும்" என்றார். பெரிய ஆறுதல்!

ஆனால் போகிற போக்கில் ஒன்று கேட்டார்: "திருகும்போது சத்தம் வருதா?"

வருகிறது. கீயைக் கொஞ்சம் திருகினால், சுருதி காட்டும் ட்யூனரின் முள் அசைவதில்லை. இன்னும் கொஞ்சம், அப்போதும் இல்லை. அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம், முள் ஒரே தாவாகத் தாண்டிப் போகிறது. இத்தனை நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

சத்தம் கீயில் இல்லை, நட்டில்: கழுத்தின் மேல் முனையில், கம்பிகள் பள்ளங்களில் உட்கார்ந்து கடந்து போகும் பட்டையில். உறுதி செய்ய ஒரு சோதனை செய்தேன். ஜியைச் சரியாகச் சேர்த்துவிட்டு, ஏழாம் ஃபிரெட்டில் பிடித்து பலமாக வளைத்து விட்டேன். 12 சென்ட் இறங்கியது. இப்போது நட்டுக்கும் கீக்கும் நடுவே இருக்கும் சின்னத் துண்டுக் கம்பியை விரலால் ஒரு அழுத்து. முள் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிட்டது! கம்பி கீயில் வழுக்கியிருந்தால் இப்படித் திரும்பாது. வளைக்கும்போது நட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த கம்பி, திரும்பிப் போக வழியில்லாமல் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

காரணமும் என் கைவேலைதான். 11 செட்டில் ஜி 0.022 அங்குலம், இதில் 0.024. பழைய கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்த கம்பியைத் திணித்திருக்கிறேன். கீயைப் போய்த் திட்டியிருக்கிறேன், பாவம்.

ஜூன் 11, புதன்

முதலில் பென்சில் கரி. கூரான முனையைப் பள்ளத்தில் தேய்த்தால் கரித்தூள் மசகு மாதிரி வேலை செய்யும். பாதி சரியானது, 'டிக்' குறைந்தது, போகவில்லை.

சரி என்று, கழற்றி வைத்திருந்த பழைய ஜி கம்பியில் மிக நைசான உப்புத்தாளைச் சுற்றி, பள்ளத்தின் இரு பக்கச் சுவரிலும் நாலைந்து இழுப்பு. அடியைத் தொடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். பள்ளம் அகலலாம், ஆழம் கூடக் கூடாது. கூடினால் விரல் வைக்காத கம்பி முதல் ஃபிரெட்டில் உரசி இரையும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டும். துடைத்து, மறுபடி கரி பூசி, கம்பியை மாட்டினேன். இப்போது கீயைத் திருகத் திருக முள் கூடவே நகர்கிறது.

ஜூன் 14, சனி

இரண்டு நாளாக மழை. எடுத்துப் பார்த்தால் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறியிருக்கின்றன. ஒரு நிமிடம் திக்கென்றது. அப்புறம்தான் நிம்மதி: ஒரு கம்பி மட்டும் நகர்ந்தால் அந்தக் கம்பியின் வழியில் கோளாறு, ஆறும் ஒரே பக்கம் நகர்ந்தால் மரம். ஈரத்தில் மேல்பலகை உப்பி, கம்பிகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜைத் தூக்கியிருக்கிறது. இனி வாசிக்காதபோது பெட்டிக்குள்தான்.

ஜூன் 19, வியாழன்

ட்யூனர் ஆறுக்கும் சுருதி சரி என்று பச்சை காட்டுகிறது. ஈ மேஜர் கார்டு பிடித்தால் ஜி கம்பி மட்டும் துருத்துகிறது. காதை நம்பி அதைக் கொஞ்சம் இறக்கினேன். ஈ மேஜர் தேனாக இனித்தது. சி மேஜர் போட்டேன், அழுதுவிட்டது.

இதற்கு உப்புத்தாள் உதவாது. ஈ மேஜரில் ஜி கம்பியின் முதல் ஃபிரெட்டுதான் ஜி ஷார்ப், கார்டின் மூன்றாம் சுரம். எல்லா ஃபிரெட்டையும் சுருதிக் கணக்கில் சம இடைவெளியாகப் பங்குபோட்ட ஏற்பாட்டில் அந்தச் சுரம் இயல்பான இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் மேலே நிற்கும். அதற்காக ஜியை இறக்கினால், சி கார்டில் அதே கம்பி ஐந்தாம் சுரமாக வரும்போது தாழ்ந்து ஒலிக்கும்.

ஜியை மறுபடி ஏற்றி பச்சைக்கே கொண்டுவந்தேன். 'டிக்' இல்லை.