பலகைக்கு வெளியே இருப்பவர்கள்

2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவு, மகளிர் பிரிவு இரண்டிலும் இந்தியா தங்கம் வென்ற நாளிலிருந்து, அந்த அணியினர் எத்தகைய வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதே என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குச் செல்வதற்காகத் தம் தொழிலையே ஒதுக்கி வைத்தவர். அர்ஜுனும் விதித்தும்கூட மருத்துவர் வீட்டுப் பிள்ளைகள். அணியின் மூத்தவரான ஹரிகிருஷ்ணாவோ 2001-லேயே செஸ்ஸின் உயரிய பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்றவர். அவருக்கு இது நெடுங்காலம் காத்திருந்து கிடைத்த தங்கம்.

ஆனாலும் என் நெஞ்சில் நிற்பது சென்னைப் பாடியில் உள்ள அந்த வீடுதான். போலியோவால் பாதிக்கப்பட்டும் வங்கி வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிய தந்தை, வெளிநாட்டுக்கும் குக்கரைச் சுமந்து சென்று பிள்ளைகளுக்குச் சோறும் ரசமும் வைத்துக் கொடுத்த தாய். அவர்களுடைய மக்களான வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் ஆளுக்கோர் அணியில் தங்கம் வென்றார்கள்.

சென்ற ஞாயிறன்று அக்காள் மகளைப் பாளையங்கோட்டையில் ஒரு போட்டிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்த ஒரு தாய், புளியோதரை நிறைந்த தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் அமர்ந்து அரங்கின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்று முடித்து ஓடிவந்த அவருடைய மகள், வென்ற செய்தியைச் சொல்லும் முன்பே தூக்குவாளியைத் திறந்தாள்.