காம்டனில் ஒரு பப் இருந்தது

வடக்கு லண்டனை எனக்குக் காட்டிக் கொடுத்தது 134-ஆம் எண் பஸ். ஆர்ச்வே ரோட்டில் முருகன் கோயில். ஹைகேட் ஹில்லை ‘உயர்வாசற்குன்று’ ஆக்கி, அதையே கோயிலுக்கும் பெயராக வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து இறக்கத்தில் டஃப்னெல் பார்க், அங்கே டோம் என்றொரு பழைய அரங்கு. அப்புறம் கென்டிஷ் டவுன், நான் பகுதி நேரமாகக் கல்லாவில் நின்ற கடை. அதையும் தாண்டினால் காம்டன் ஹை ஸ்ட்ரீட், 171-ஆம் எண் கட்டடம், பிளாக் கேப் என்ற பப், தன்பால் ஈர்ப்பாளர்கள் கூடும் ‘கே’ பார். கோயிலுக்கும் கே பாருக்கும் ஒரே பஸ் என்பதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. முருகனுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

2008-இல் திருச்சியிலிருந்து படிக்க வந்தேன். கடை முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே, “தம்பி, ஊரில எவடம்?” என்று கேட்டார். திருச்சி என்றதும், தான் அங்கே அகதியாக இருந்த காலத்தில் சாப்பிட்ட பரோட்டாக் கடையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நல்ல மனுஷன். அறை பிடித்துத் தந்தார், போர்வை தந்தார். ஆனால் அடுத்த மாதமே, “கலியாணம் எப்ப?” என்று கேட்கவும் ஆரம்பித்தார். கேட்டதில் தப்பே இல்லை. அவரிடம் நான் பேச முடியாத விஷயம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

பிளாக் கேப்புக்கு முதலில் போனபோது கதவு வரை போய்த் திரும்பி, தெருமுனையில் கொஞ்சம் நின்று, அப்புறம்தான் உள்ளே போனேன். கீழே நீளமான இருட்டான கூடம், கடைசியில் மேடை. மாடியில் இன்னொரு பார், அதையொட்டி ஒரு மொட்டை மாடி. ராத்திரி கீழே கூத்தும் பாட்டுமாக இருக்கும். பகலில் மாடியில் வயசான ஆட்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பிடித்தது அந்த மாடிதான். ஒரு பைன்ட் பீர் வாங்கிவிட்டால் மூன்று மணி நேரம் உட்காரலாம், எழுந்திரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அறையில் ஹீட்டர் போடக் கணக்குப் பார்க்கிற மாணவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று குளிர்காலத்தில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

அங்கேதான் எனக்கு அந்தப் பெரியவர் பழக்கமானார். எழுபதை ஒட்டிய வயது, பென்ஷன்காரர், இஸ்திரி போட்ட சட்டை. எல்லோரும் அவரைக் கூப்பிட்ட பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. ஒருநாள் கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளூராட்சிக்கான வீட்டு வரி, கட்டச் சொல்லி எனக்கு வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தேன். தொகையைப் பார்த்தே வயிறு கலங்கிவிட்டது. அவர் கடிதத்தை வாங்கி, பீர் ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மேசையில் விரித்தார். முழுநேர மாணவனுக்கு அந்த வரி கிடையாது, கல்லூரியில் ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்பு என்று சொல்லி, அனுப்ப வேண்டிய முகவரியின் கீழே கோடு போட்டுக் கொடுத்தார். டாக்டரிடம் முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொள், உடம்பு சரியில்லாமல் போன பிறகு தேடாதே என்றும் அவர்தான் சொன்னார். நாலு பேர் சேர்ந்து குடித்தால் ஆளுக்கொரு ரவுண்ட் வாங்க வேண்டும், தன் முறை வரும்போது நழுவுகிறவனை இந்த நாடு மன்னிக்காது என்பதும் அவர் கற்றுக் கொடுத்ததுதான்.

இதையெல்லாம் கடை முதலாளியும் சொல்லியிருப்பார். ஆனால் இன்னொரு பாடமும் இருந்தது. பயப்படாமல் ஒருவனோடு எப்படிப் பழகுவது, எங்கே பரிசோதனை செய்துகொள்வது, வீட்டுக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதெல்லாம் எங்கும் எழுதி ஒட்டப்படாதவை. அவற்றுக்கு ஆள்தான் வேண்டும், அந்த ஆள் உட்கார ஓர் இடமும் வேண்டும்.

அந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது வழக்கமான ‘புராதன’ வரலாறு அல்ல. இங்கிலாந்தில் இரண்டு ஆண்கள் சேர்ந்திருப்பது குற்றமாக இருந்த 1960-களின் நடுவிலேயே பிளாக் கேப் தன்பால் ஈர்ப்பாளர்கள் கூடுகிற இடமாகிவிட்டது. சட்டம் மாறியது 1967-இல்தான். அதுவும் இருபத்தோரு வயதுக்கு மேல், நாலு சுவருக்குள் என்ற நிபந்தனைகளோடு. 1970-களில் ரெக்ஸ் ஜேம்சன் என்ற நடிகர் மிஸஸ் ஷஃபிள்விக் என்ற குடிகாரக் கிழவி வேஷத்தில் இங்கே கலக்கியிருக்கிறார். மாடி பாருக்கு அவர் பெயர்தான். அடுத்த தலைமுறைக்கு ரெஜினா ஃபாங், இயற்பெயர் ரெஜ் பண்டி. ரஷ்யப் புரட்சியில் தப்பி வந்த இளவரசி என்பது அவர் கட்டிய கதை. மொட்டை மாடிக்கு அவர் பெயர். அவர் 2003-இல் இறந்துவிட்டதால் நான் பார்த்ததில்லை. பழைய டிவி நிகழ்ச்சிகளின் இசைக்கு அவர் வாயசைக்க, மொத்தக் கூட்டமும் அதற்கென்று பழகி வைத்திருந்த கை அசைவுகளைச் செய்யுமாம். பெரியவர் எனக்கு அதைச் செய்து காட்டினார். காற்றில் டைப்ரைட்டர் அடித்து, வரி முடிந்ததும் உருளையைத் தள்ளி, ‘டிங்’ என்று வாயாலேயே மணியடித்தார். பக்கத்து மேசையில் இருந்த இருவர் தலை நிமிராமலே அதே இடத்தில் ‘டிங்’ என்றார்கள். வள்ளி திருமணம் நாடகத்தில் பபூன் பாதி வரி சொன்னால் மீதியைக் கூட்டம் சொல்லுமே, அந்தப் பழக்கம்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மாடியில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான். நகரத்தின் வேறு ஒரு கே கிளப்பில் என்னையும் ஒரு பங்களாதேஷ் நண்பனையும் மட்டும் வாசலில் நிறுத்தி, இது எந்த மாதிரி இடம் என்று தெரியுமா என்று கேட்டார்கள். தெரிந்துதான் வந்தோம் என்றாலும் நம்பவில்லை. அப்படிப்பட்ட ராத்திரிகளுக்கு மருந்தாக இருந்தது கிளப் காளி. டிஜே ரிதுவும் ரீட்டாவும் 1995-இல் தொடங்கிய தெற்காசியக் கூடுகை, டஃப்னெல் பார்க் டோமில்தான் நடந்துவந்தது. புடவை கட்டிய ஆண்கள் பாங்க்ரா ஆடுவார்கள். தமிழ்ப் பாட்டு எப்போதாவதுதான் வரும். வந்தால் நாங்கள் சிலர் மட்டும் விசிலடிப்போம்.

2013 டிசம்பர் 11 நன்றாக நினைவிருக்கிறது. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவில், அது குற்றமல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தந்திருந்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அன்று ரத்து செய்தது. நாலு வருஷம் குற்றவாளி இல்லை, இப்போது மறுபடியும் குற்றவாளி. மாலையில் மாடிக்குப் போனேன். பெரியவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. 1967-இல் தனக்கு இருபத்தொன்பது வயது என்றார். சட்டம் மாறிய பிறகும் போலீஸ் பிடிப்பது குறையவில்லை, கூடத்தான் செய்தது, பூங்காவிலும் கழிப்பறையிலும் காத்திருந்து பிடித்தார்கள் என்றார். “சட்டம் முன்னே போகும், பின்னே போகும். நீ வியாழக்கிழமை இங்கே வந்துவிடு” என்றார். வியாழக்கிழமை வந்தேன். எங்கள் ஊர்ச் சட்டம் திரும்ப மாற 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது போய்ச் சொல்ல அந்த மாடி இல்லை.

எப்படி இல்லாமல் போனது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதிகம் திட்டு வாங்குவது செல்போன். 2009-இல் கிரைண்டர் (Grindr) என்ற, ஆண்கள் ஆண்களைத் தேடும் செல்போன் செயலி வந்தது. பக்கத்துத் தெருவில் யார் இருக்கிறார் என்று கட்டிலில் படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்றானபின் பாருக்கு எதற்குப் போக வேண்டும் என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். வார நாட்களில் கூட்டம் மெலிந்ததைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தின கொண்டாட்டமென்று பெண்கள் கூட்டமாக வந்து, ஆண்கள் பெண் வேஷம் போடும் டிராக் நிகழ்ச்சியில் கூச்சல் போடுவதும், பழைய ஆட்கள் முகம் சுளித்துக் கிளம்புவதும் நடந்தது. 2014-இல் இங்கே ஒருபால் திருமணமும் சட்டமாகிவிட்டது. இனி ஒளிய வேண்டியதில்லை, எந்த பப்புக்கும் போகலாமே என்ற பேச்சும் வந்தது.

ஆனால் செல்போனால் செத்தது என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சனிக்கிழமை உள்ளே நிற்க இடமிருக்காது. அடிப்படையில் அது மனைக் கணக்கு. காம்டன் மாதிரி இடத்தில் ஒரு பழைய கட்டடம் பீர் விற்றுச் சம்பாதிப்பதைவிட, மேல் மாடிகளை வீடுகளாக்கி விற்றால் பல மடங்கு கிடைக்கும். மேலே வீடு வந்துவிட்டால் கீழே பாட்டுச் சத்தம் கூடாதென்று புகார் வரும். புகார் வந்தால் உரிமம் ஆட்டம் காணும். பாரில் கூட்டம் வருகிறதா இல்லையா என்ற கேள்வியே அந்தக் கணக்கில் வராது.

2015 ஏப்ரல் 12, ஞாயிறு. அதுதான் கடைசி ராத்திரி. இரண்டு நாளில் சித்திரை வருஷப் பிறப்பு. கோயிலில் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் காம்டனுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது, வாசலில் பூச்செண்டுகள் கிடந்தன. யாரோ ஒரு ஜோடி ஹீல்ஸ் செருப்பையும் வைத்திருந்தார்கள்.

அப்புறம் நடந்ததைப் பார்த்துத்தான் இந்த நாட்டை நான் உண்மையில் புரிந்துகொண்டேன். பிளாக் கேப் வாடிக்கையாளர்கள் அழுதுவிட்டுப் போகவில்லை, சட்டப் புத்தகத்தை எடுத்தார்கள். இங்கே 2011-இல் வந்த ஒரு சட்டப்படி, ஊர் மக்களுக்குப் பயன்படும் கட்டடம் என்று கவுன்சிலில் பதியவைத்துவிட்டால், உரிமையாளர் விற்க முனையும்போது அதை வாங்க முயல மக்களுக்கு ஆறு மாத அவகாசம் கேட்கலாம். பதிந்த பப்பை இடிக்கவோ வேறு கடையாக்கவோ திட்ட அனுமதி வேண்டும் என்ற விதி அந்த ஏப்ரல் 6-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பிளாக் கேப் அந்தப் பட்டியலில் ஏறியது. நடுவில் சிலர் பூட்டை மீறி உள்ளே குடியேறினார்கள், வெளியேற்றப்பட்டார்கள். சனிக்கிழமைதோறும் வாசலில் கூடி நிற்பது வருஷக்கணக்கில் தொடர்ந்தது. பெரியவர் மடக்கு நாற்காலியோடு வருவார். நடைபாதையில் உட்கார்ந்து, கடந்து போகிற சுற்றுலாப் பயணிகளுக்கு ஷஃபிள்விக் ஜோக் சொல்வார். மழை வந்தால் நான் குடை பிடிப்பேன். கட்டடம் பூட்டியே கிடந்தது. யாரும் அதை வீடாக்கி விற்கவும் முடியவில்லை. இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கும்.

பிளாக் கேப் தனிக்கதை அல்ல. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வொன்று எண்ணிப் பார்த்தது: 2006-இல் நகரத்தில் இப்படிப்பட்ட இடங்கள் 125, 2017-இல் 53. பாதிக்கு மேல் போய்விட்டன. அதே 2015-இல் ஹாக்னி ரோட்டில் ஜாய்னர்ஸ் ஆர்ம்ஸ் என்ற கே பப்பும் மூடியது. நல்ல செய்தியாக ஒன்று: அந்தச் செப்டம்பரில் ராயல் வாக்ஸ்ஹால் டேவர்ன் என்ற கே பப்பைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். தன்பால் ஈர்ப்பாளர் வரலாற்றுக்காக பிரிட்டனில் அப்படிப் பட்டியலான முதல் கட்டடம் அது. எய்ட்ஸ் பயத்தில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு 1987-இல் போலீஸ் சோதனைக்கு வந்த இடமும் அதுதான்.

ஜாய்னர்ஸ் ஆர்ம்ஸ் ஆட்கள் இன்னும் கெட்டி. அந்த மனையில் புதுக் கட்டடம் எழுப்பலாம், ஆனால் அதில் எங்களுக்கான பப் ஒன்று இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை 2017-இல் கவுன்சிலைப் போட வைத்தார்கள். அப்புறம் கூட்டுறவுச் சங்கமாகி, 2022-இல் பொதுமக்களுக்குப் பங்கு விற்று 1 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, எவ்வளவு போட்டாலும் சரி.

நானும் கொஞ்சம் போட்டேன். லண்டனில் ஒரு தொழிலில் பங்கு வாங்கியிருக்கிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். என்ன தொழில் என்றாள். நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசுகிற கடை என்றேன். டீக்கடையா என்றாள். கிட்டத்தட்ட என்றேன்.

“லாபம் வருமாடா?”

“வராதும்மா.”

“பின்ன எதுக்குடா போட்ட?” என்று அவள் ஆரம்பித்தது முடிய முக்கால் மணி நேரம் ஆனது.