வேடந்தாங்கலில் கூட்டாக எண்ணிப் பார்த்தோம்

பறவை பார்க்கக் கற்றுக்கொள்ளும் எங்கள் கூட்டத்தில் கல்லூரி மாணவர்கள், பணி ஓய்வு பெற்ற ஒரு சார், நாலாம் வகுப்பு மகளோடு வரும் ஓர் அம்மா என்று எல்லா வயதும் உண்டு. இந்த முறை பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக வேடந்தாங்கல் போனோம். மாட்டுப் பொங்கல் காலையில், படாளம் கூட்டு ரோட்டில் டீ குடித்துவிட்டு, வெயில் ஏறும் முன்பே ஏரிக்கரையில் நின்றோம். காணும் பொங்கலன்று போனால் மனிதத் தலைகளைத்தான் எண்ண வேண்டியிருக்கும்.

விதி எளிது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்து, பட்டியலை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஆனால் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தால் எப்படி எண்ணுவது? சார் சொன்ன வழி கைகொடுத்தது. முதலில் பத்துப் பறவையை நிஜமாகவே எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை மரம் முழுக்க நகர்த்திப் போக வேண்டும். இருவர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிட்டோம். தூரத்து மரங்களில் கணக்கு ரொம்பவே விலகியது. பக்கத்து மரங்களில் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போனது.

அன்றைக்கு அதிக நேரம் போனது நத்தை குத்தி நாரைகளிடம்தான். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். வயல் நத்தையைப் பிடித்து, பெரும்பாலும் ஓட்டை உடைக்காமலே சதையை உருவி எடுக்க அந்த அமைப்பு உதவுகிறது. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பாப்பா பைனாகுலரை இறக்காமல் கேட்டாள்: “அண்ணா, அந்தக் கூட்டுல இருக்கறதுக்கு மட்டும் வாய் ஒட்டியே இருக்கே?” எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கூட்டில் நின்றது வளர்ந்த குஞ்சு. குஞ்சுகளின் அலகில் சந்து இருக்காது, வளர வளரத்தான் விழும். புத்தகத்தில் படித்தது ஒருபக்கம் இருக்கட்டும், தாயும் குஞ்சும் ஒரே கூட்டில் பக்கம் பக்கமாக நிற்க, நோட்டில் இரண்டு அலகையும் வரைந்தபோதுதான் அது எனக்குள் ஏறியது. பாப்பா வரைந்த படம் என்னுடையதைவிடத் தெளிவு.

ஊர்க்காரர் ஒருவர் கரையில் பேச்சுக்கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாயும் வயலுக்கு உரச்செலவு குறைவாம். இந்த ஏரியைக் காத்தது முதலில் ஊர்தான். துப்பாக்கியோடு வந்தவர்களைப் பற்றி முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏரி சேர்ந்ததோ 2022-ல்.

கேமரா கொண்டுவந்த நண்பர்கள் கொஞ்சம் அவஸ்தைப்பட்டார்கள். படம் எடுப்பவருக்கு எண்ணிக்கை தவறிவிடுகிறது. அடுத்த முறை கணக்கெடுப்பு முடிந்த பிறகே கேமராவை வெளியே எடுப்பது என்று பேசி முடித்தோம்.

திரும்பும் வழியில் பக்கத்தில் உள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்கும் ஓர் எட்டு. அங்கே வாத்துகள். ஊசிவால் வாத்தின் ஆண் சுலபம், கூரிய வாலே சொல்லிவிடும். பெட்டைகள் எல்லாம் ஒரே பழுப்பு. அதைப் பிரித்துப் பார்க்கும் வீட்டுப்பாடம் இப்போது வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கிறது.