ஐஸ் மேக்கர் நின்றால் முதலில் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் ஐஸ் ஆடம்பரம் இல்லை. அப்பா டயாலிசிஸ் செய்துகொள்பவர். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று மருத்துவர் அளவு சொல்லியிருக்கிறார். தாகம் தாங்காதபோது சின்ன ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டு மெல்லக் கரையவிடுவார். ஒரு மடக்குத் தண்ணீரைவிட அது நெடுநேரம் நாக்கை ஈரமாக வைத்திருக்கும். அந்தக் கட்டியும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதால், எல்லாக் கட்டியும் ஒரே அளவில் விழுவது எங்களுக்கு முக்கியம். அதற்காகவே ஐஸ் மேக்கர் உள்ள ஃபிரிட்ஜ் வாங்கினோம்.

குடியிருப்பது கோலாலம்பூர் செந்தூலில், ஒரு கொண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) மேல் மாடி. இந்தப் பக்கம் தண்ணீர் வெட்டு புதிதல்ல. ஒருமுறை தண்ணீர் திரும்பி வந்தபோது குழாயில் கலங்கலாகக் கொட்டியது. அதற்குப் பிறகுதான் மாற்றம் தெரிந்தது. கட்டிகள் சிறுத்தன, நடுவில் குழி விழுந்தன, அப்புறம் ஒன்றுமே விழவில்லை.

பழுது பார்க்க வந்தவர் ஃபிரீசரைத் திறந்து பார்த்த வேகத்தில், "மெஷின் போச்சு அண்ணே, மொத்தமா மாத்தணும்" என்று சில நூறு வெள்ளி கணக்குச் சொன்னார். "தண்ணி உள்ள வருதான்னு பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். தண்ணீரே வராத இடத்தில் புது மெஷினை மாட்டி என்ன பயன்? இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

சுலபமானவற்றை முதலில் பார்த்தேன். ஐஸ் பெட்டிக்கு மேலே இருக்கும் கம்பி தூக்கி நின்றால் மெஷின் ஓடாது. அது கீழேதான் இருந்தது. ஃபிரீசருக்குள் வெப்பமானி வைத்ததில் −18 டிகிரி காட்டியது. தண்ணீர் கட்டியாக உறையும் அச்சு ஏறக்குறைய −9 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் மெஷின் கட்டிகளைத் தள்ளும் என்பதால் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. குளிரில் குறை இல்லை.

அடுத்தது தண்ணீர். ஃபிரிட்ஜ் கதவில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் 180 மில்லி கோப்பையை வைத்தேன். 10 விநாடியில் நிரம்பினால் அழுத்தம் போதும் என்று கணக்கு. பாதி கூட வரவில்லை. ஃபில்டரைக் கழற்றி, அந்த இடத்துக்குக் கொடுத்திருந்த மூடியைப் போட்டுப் பார்த்ததும் தண்ணீர் பீறிட்டு வந்தது. கழற்றிய ஃபில்டரின் வாயில் செம்மண் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் பொருள்தான். ஆனால் தண்ணீர் வெட்டுக்குப் பிறகு வரும் சேற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

மேல் மாடிக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஐஸ் மேக்கர்களுக்குப் பொதுவாக 1.4 பாராவது வேண்டும். தொட்டியோ எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. பம்ப் தள்ளிவிடும் தண்ணீரை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது, கொஞ்சம் அடைத்தாலே போதும்.

புது ஃபில்டர் போட்டும் ஐஸ் வரவில்லை. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்து அச்சுக்கு மேலே தண்ணீர் விடும் குழாயின் வாயைப் பார்த்தேன். விரல் நுனி அளவுக்கு வெள்ளையாக ஐஸ் அடைத்திருந்தது. காரணம் இதுதான்: தண்ணீர் விடும் மின்வால்வு இறுக்கமாக மூடுவதற்கே தண்ணீரின் அழுத்தம் துணை செய்கிறது. அழுத்தம் குறைந்தால் அது சரியாக மூடாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்தச் சொட்டுகள் குளிரில் உறைந்து குழாயை அடைத்துவிடும். ஆக, ஃபில்டர் அடைப்பு ஒன்றே இரண்டு கோளாறாகிவிட்டது.

ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கீழே துணியைப் பிடித்துக்கொண்டது அம்மா. கூரான எதையும் வைத்துக் குத்தாதீர்கள், குழாய் கிழிந்துவிடும். கொதிநீரும் வேண்டாம், பிளாஸ்டிக் வெடித்துவிடும். கடைசியில் குழாயை அடைத்திருந்த ஐஸ், குச்சி மாதிரி முழுசாக வழுக்கி விழுந்தது.

பிளக்கைப் போட்டுவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். பழைய வேகத்துக்கு வர ஒரு நாள் ஆகலாம். முதலில் விழுந்த கட்டிகளைக் கொட்டிவிட்டோம், புது ஃபில்டரின் கரித்தூள் கலந்திருக்கும். அதற்கடுத்து விழுந்தவை குழி இல்லாமல், ஒரே அளவாக இருந்தன. அப்பாவுக்கு அதைத்தான் கொடுத்தேன்.

இப்போது தண்ணீர் வெட்டு அறிவிப்பு வந்தால் ஃபிரிட்ஜுக்குப் போகும் சின்ன வால்வை முன்கூட்டியே மூடிவிடுகிறேன். அப்பாவுக்கு வேண்டிய கட்டிகளை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்கிறோம். தண்ணீர் திரும்பியதும் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கலங்கல் போய்த் தெளிந்த பிறகே அந்த வால்வைத் திறக்கிறேன்.