கிரைசிஸ் கம்யூனிகேஷன் அரியர் க்ளியர் ஆச்சு, முதல் வரியில கவனம் வைங்க

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு. பிஆர் (மக்கள் தொடர்பு) டிப்ளமோல எனக்கு மிச்சம் இருந்த ஒரே பேப்பர், நெருக்கடி நேரத்துல கம்பெனி வெளிய எப்படிப் பேசணுங்கிறது, 71 வாங்கி பாஸ். போன வருஷம் இதே பேப்பர்ல 38. நடுவுல புதுசா ஒண்ணும் பெருசா படிக்கல, ஒரே ஒரு தப்பத் திருத்திக்கிட்டேன், அவ்ளோதான்.

போன வருஷ பிராக்டிகல் கேள்வி: கேட்டரிங் கம்பெனி சாப்பாடு சாப்பிட்ட ஸ்கூல் பசங்க 40 பேர் ஆஸ்பத்திரில, டிவில நியூஸ் ஓடுது, அரை மணி நேரத்துல ஹோல்டிங் ஸ்டேட்மென்ட் (முழு விவரம் வர்றதுக்கு முன்னாடி கம்பெனி விடுற முதல் அறிக்கை) எழுதணும். கம்பெனிய காப்பாத்துறதுதான வேலைன்னு நெனச்சு "எங்கள் உணவில் எந்தக் குறையும் இல்லை"ன்னு ஆரம்பிச்சேன். வைவால மேடம் அந்த வரிக்குக் கீழ பேனாவ வச்சு "லேப் ரிப்போர்ட் வந்துடுச்சாப்பா?"ன்னாங்க. இல்ல மேடம். "அப்போ உனக்கு எப்படித் தெரியும்?" என்கிட்ட பதில் இல்ல. பசங்களப் பத்தின பேச்சே மூணாவது பாராலதான் வந்திருந்துச்சு.

இந்த தடவ நான் பிடிச்ச வரிசை:

- பாதிக்கப்பட்டவங்க, அவங்க இப்ப எப்படி இருக்காங்க
- உறுதியா தெரிஞ்சது மட்டும்
- என்ன செஞ்சுட்டு இருக்கோம் (சப்ளை நிறுத்தியாச்சு, சாம்பிள் லேபுக்குப் போயிருக்கு)
- அடுத்த தகவல் எத்தன மணிக்கு, யார் சொல்வாங்க
- காரணத்த ஊகிக்கக் கூடாது, யார் மேலயும் கை காட்டக் கூடாது

டைலனால்ங்கிற அமெரிக்க வலி மாத்திரை கேஸ எல்லாரும் எழுதுவாங்க, 1982, சிகாகோ பக்கம் 7 பேர் இறந்தது, 3.1 கோடி பாட்டில் திரும்ப எடுத்ததுன்னு அதோட நிறுத்திடுவாங்க, மார்க் அதுக்கப்புறம்தான் இருக்கு. மாத்திரைல சயனைடு கலந்தது கம்பெனி இல்ல, கூம்ஸ்ங்கிற பேராசிரியரோட கிரைசிஸ் தியரிப்படி அது விக்டிம் வகை, அதாவது கம்பெனியும் பாதிக்கப்பட்ட பக்கம்தான், பொறுப்பு கம்மி, தள்ளி நின்னிருக்கலாம். ஆனா பொறுப்பெடுத்துக்கிட்டு பிரிச்சா தெரியுற மாதிரி சீல் வச்சு திரும்ப மார்க்கெட்டுக்கு வந்தாங்க. இத மேகியோட வச்சுப் பாருங்க: 2015 ஜூன்ல, எங்க நூடுல்ஸ் பாதுகாப்பானதுன்னு சொல்லிக்கிட்டேதான் நெஸ்லே வாபஸ் வாங்குச்சு, அரசு போட்ட தடைய ஆகஸ்ட்ல பாம்பே ஹைகோர்ட் ரத்து பண்ணியும் திரும்ப கடைக்கு வர நவம்பர் ஆயிடுச்சு. 2010 பிபி எண்ணெய் கம்பெனி கேஸும் கண்டிப்பா படிங்க. கடல்ல எண்ணெய்க் கிணறு வெடிச்சு 11 தொழிலாளிங்க செத்துப் போன விபத்து, சிஇஓ டோனி ஹேவர்ட் கேமரா முன்னாடி தன் வாழ்க்க தனக்குத் திரும்ப வேணும்னார். என் முதல் பேப்பர்ல நான் பண்ணதும் இதேதான், அடிபட்டவங்கள விட்டுட்டு நம்மளப் பத்திப் பேசுறது.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்து வரல. தினமும் காலைல பேப்பர்ல ஒரு விபத்துச் செய்திய எடுத்து, போன்ல 20 நிமிஷம் டைமர் வச்சு கையால எழுதுவேன். டைப் பண்ணிப் பழகாதீங்க, பரீட்சைல கை நின்னுடும். மாக் (ஒத்திகை) பிரஸ் மீட்ல "நோ கமெண்ட்ஸ்" வாயில வரவே கூடாது, "அது இன்னும் தெரியல, 6 மணிக்கு சொல்றோம்" போதும், ஆனா 6 மணிக்கு சொல்லியே ஆகணும்.

இந்த வருஷம் வந்தது ஐஸ் ஃபேக்டரில அமோனியா லீக். ஆஸ்பத்திரில இருந்த எட்டு பேரப் பத்தி ரெண்டு வரி எழுதின பிறகுதான் ஃபேக்டரி பேரையே எழுதினேன்.